பூச்சரத்தில் ஆன்டிபாடி மரபணு: மடித்து, வெட்டி, முடிந்து பாருங்கள்

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, கொஞ்சம் வாழைநார் வாங்கிக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளென்றால் மல்லிக்குப் பதில் அரளி போதும். பாடத்துக்காகக் கடன்பட வேண்டாம். பெரிய வளையல் ஒன்றும் கத்தரிக்கோலும் எடுத்துவையுங்கள்.

1. சரம் கட்டுங்கள். ஆன்டிபாடி என்பது கிருமிகளைப் பற்றிக்கொள்ளும் புரதம்; கனச் சங்கிலி, இலகு சங்கிலி என்ற இரு வகை இழைகளால் ஆனது. அதைத் தயாரிக்கும் பி செல், வி, டி, ஜே என்ற மூன்று வகை மரபணுத் துண்டுகளில் வகைக்கு ஒன்றை எடுத்துச் சேர்த்துக் கனச் சங்கிலிக்கான மரபணுவை உருவாக்குகிறது. அந்தத் துண்டுகள் மனிதரின் 14-வது குரோமோசோமில் இருக்கின்றன: பயன்படும் வி துண்டுகள் சுமார் 40, டி 23, ஜே 6. வி மல்லி, டி கனகாம்பரம், ஜே மரிக்கொழுந்து. இதே வரிசையில் கட்டுங்கள். மல்லிப் பகுதி நீளமாகவும் இடைவெளி விட்டும் இருக்கட்டும்.

2. மரிக்கொழுந்து முனையை வளையலோடு சேர்த்து இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். வெட்டும் நொதியான ராக் உட்கார்ந்திருப்பது இங்கேதான். அது எங்கும் தேடிப் போவதில்லை.

3. பக்கத்துச் சரத்தை மடித்து வளையலுக்குள் நுழைத்து இழுங்கள். மடிப்பு பெரிதாகப் பெரிதாக, தூரத்துப் பூக்கள் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலைக் கடந்து போகும். செல்லில் இந்த வளையல் கோஹெசின் என்ற புரதம்.

4. முதலில் ஒரு கனகாம்பரம் வந்ததும் நிறுத்தி, வெட்டி, ஒரு மரிக்கொழுந்தோடு முடியுங்கள். பிறகே மல்லியை இழுத்து அதனோடு முடிய வேண்டும்; இந்த வரிசை மாறக்கூடாது. இடையில் உதிர்ந்த சரத்தை அந்தச் செல் நிரந்தரமாக இழந்துவிடுகிறது. முடிச்சில் இரண்டு மூன்று நார்த்துணுக்குகளையும் செருகுங்கள்: இணைப்பில் புது டி.என்.ஏ. எழுத்துகளைச் சேர்க்கத் தனி நொதியே உண்டு. துண்டுகள் இடம் மாறுவதை 1976-ல் காட்டிய சுசுமு டோனெகாவா 1987-ல் நோபல் பரிசு பெற்றார்.

5. முக்கியமான சோதனை இது. புதுச் சரத்தில் கனகாம்பரம் வரை முடிந்துவிட்டு, மல்லியைச் சிறிது இழுத்ததுமே வளையலைக் கழற்றிவிடுங்கள். அருகிலிருக்கும் மல்லிக்கு மட்டுமே வாய்ப்பு. கடைக்கோடி மல்லி எட்டிப் பார்க்கக்கூட முடியாது. செல்லில் வளையலைக் கழற்றுவது வேப்பிள் என்ற புரதம். எலும்பு மச்சையில் வளரும் பி செல்களில் பாக்ஸ்5 என்ற இன்னொரு புரதம் அந்த வேப்பிளின் அளவைக் குறைக்கிறது. அதனால் மடிப்பு கடைசி வி வரை நீள்கிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில் தெளிவானது இது. எத்தனை துண்டுகள் இருந்தால் என்ன? எது ஆன்டிபாடிக்குள் போகும் என்பதில் மடிப்புக்கும் பெரிய பங்கு உண்டு.

6. இலகு சங்கிலிக்குத் தனிச் சரம் கட்டுங்கள். அதில் கனகாம்பரமே வேண்டாம். மல்லி நேரே மரிக்கொழுந்தோடு சேரும்.