வாஸ்கோ ட காமா பயணக் குறிப்பை வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து கிளம்பி, 1498 மே மாதம் கோழிக்கோட்டை அடைந்த பயணத்துக்கு முதன்மையான சான்று ஒரு பயணக் குறிப்பு. அதை வாஸ்கோ ட காமாவின் டைரி என்றே பலர் எழுதுகிறார்கள். அவர் எழுதியது அல்ல அது. கூடவே கப்பலில் வந்த ஒருவர் எழுதியது. ஆல்வரோ வெல்யோ என்று பெயர் சொல்வது ஊகம்தான். கிடைத்திருப்பதும் ஒரு நகல், 1838இல்தான் அச்சேறியது.

எழுதியவர் பேர் தெரியாதவர் என்பதால் அலட்சியம் வேண்டாம். கோழிக்கோட்டு மன்னரைப் பார்க்கப் போனபோது காமா அழைத்துச் சென்ற பதின்மூன்று பேரில் அவரும் ஒருவர். வழியில் ஒரு 'தேவாலயத்தில்' வணங்கியதாக எழுதுகிறார். இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. சிலர் அதை அப்படியே நம்பி மேற்கோள் காட்டுகிறார்கள்; சிலர் முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். வாசலில் பாய்மரம் உயரத்துக்கு வெண்கலத் தூண், அதன் உச்சியில் ஒரு பறவை. உள்ளே இருந்தவர்களின் இடத் தோளிலிருந்து வலக் கைக்குக் கீழே இறங்கும் நூல். பூசிக்கொள்ளத் தந்த வெண்ணிற மண். நாலைந்து கைகளும் துருத்திய பற்களும் கொண்ட சுவரோவியங்கள். கொடிமரமும் பூணூலும் நமக்கு உடனே தெரிகின்றன இல்லையா? கண் பார்த்தது சரி, வைத்த பெயர்தான் தவறு. கிழக்கில் கிறித்தவர்களைத் தேடியே வந்தவர்கள் அந்தப் போர்த்துகீசியர்கள். கேரளத்தில் தோமா கிறித்தவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். ஆனால் முஸ்லிம் அல்லாத எல்லாரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நூலின் கடைசியில் உள்ள நாடுகளின் பட்டியலில் காயல், சோழமண்டலம் பற்றி வருவதையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அது கேட்டு எழுதியது.

அந்தக் கோயிலில் காமாவோடு போன ஒருவர், "இது பேயாக இருந்தால் நான் வணங்குவது மெய்யான கடவுளை" என்றதாக ஒரு கதை உண்டு. அது இந்த நூலில் இல்லை. 1551இல் அச்சான, போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் காஸ்தன்யேடாவின் வரலாற்றில் வருவது. பிற்கால வரலாறுகளையும் இதையும் கலக்கக் கூடாது.

அப்புறம், கோழிக்கோட்டுக்கு அருகே உள்ள காப்பாடு. அங்கே நினைவுக்கல் இருப்பதால் காமா கரையிறங்கிய இடம் அதுதான் என்கிறார்கள். கப்பல்கள் முதலில் நங்கூரமிட்டது அதன் அருகே. காமா மே 28 அன்று இறங்கியது பந்தலாயினியில். அங்கிருந்து பல்லக்கில் போகும் வழியில்தான் காப்பாடு வருகிறது. அங்கே சோறும் மீனும் தந்தார்கள், அவர் சாப்பிடவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மாலிந்தியில் ஏறிய வழிகாட்டி, அரபு மாலுமி இப்னு மாஜித் என்பதும் இந்தக் குறிப்பிலிருந்து வந்ததல்ல. நூல் வழிகாட்டியின் பெயரைச் சொல்லவே இல்லை. அந்த வழிகாட்டியின் துணையோடு, சாதகமான காற்றில், 23 நாளில் அரபிக் கடலைக் கடந்ததை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். திரும்பும்போது காற்று எதிராக இருந்தது. அதே கடலைக் கடக்க மூன்று மாதத்துக்கு மூன்றே நாள் குறைவு. ஈறு வீங்கிப் பல்லை மூடும் ஸ்கர்வி நோயில் முப்பது பேர் இறந்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்ய ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள். ஓட்ட ஆளில்லாமல் சாவோ ரபேல் கப்பலையே எரித்தார்கள். இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போவது, இறந்த மாலுமிகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

லிஸ்பனில் நடந்த வரவேற்புக்கும் இந்த நூலைச் சான்றாகக் காட்டாதீர்கள். 1499 ஏப்ரல் 25 அன்று, மேற்கு ஆப்பிரிக்கக் கரையருகே, குறிப்பு அப்படியே நின்றுவிடுகிறது.