விசுவாசத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லையா? இரண்டு நிமிட சாட்சியிலிருந்து தொடங்குங்கள்

பயம் முழுசாகப் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் கடைசிவரை பேசவே மாட்டீர்கள். இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் பேசிய பவுலே கொரிந்துவில் "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" இருந்ததாக எழுதுகிறார் (1 கொரிந்தியர் 2:3). அதனால் நடுக்கத்தோடேயே சாட்சி சொல்லும், அதாவது இயேசு உங்கள் வாழ்க்கையில் செய்ததைச் சொல்லும் வழியைப் பார்ப்போம்.

படி 1: எதற்குப் பயம் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே வரி: "நான் பேசினால் என்ன ஆகிவிடும்?" கேலி செய்வார்கள், நட்பு கெடும், கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று ஏதாவது வரும். அநேகம் பேருக்குக் கடைசியில் சொன்னதுதான். அதற்கு மருந்து படி 4-ல் இருக்கிறது.

படி 2: சாட்சியைத் தயார் செய்யுங்கள்

அப்போஸ்தலர் 26-ஐ வாசியுங்கள். அகிரிப்பா ராஜாவுக்கு முன்னால் பவுல் தன் பழைய வாழ்க்கையைச் சொல்கிறார். தமஸ்குவுக்குப் போகும் வழியில் இயேசுவைச் சந்தித்ததைச் சொல்கிறார். அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறார். அதே வரிசை உங்களுக்கும் போதும். முன்பு எப்படி இருந்தேன் என்பதற்கு அரை நிமிடம், என்ன நடந்தது என்பதற்கு ஒரு நிமிடம், இப்போது எப்படி என்பதற்கு அரை நிமிடம்.

பலர் சறுக்குவது முதல் பகுதியில். பழைய கதை சுவையாக இருப்பதால் நீண்டுகொண்டே போகும். இயேசு வருவதற்குள் கேட்பவர் கைபேசியை எடுத்துவிடுவார்.

அடுத்த சிக்கல் சபைத் தமிழ். "இரத்தத்தால் கழுவப்பட்டேன்" என்றால் வெளியில் இருப்பவருக்குத் திகில்தான் வரும். "என் தப்புக்கான தண்டனையை இயேசு ஏத்துக்கிட்டார், எனக்கு மன்னிப்பு கிடைச்சதுன்னு நம்புறேன்" என்று சொல்லுங்கள். பாரம், அபிஷேகம், இரட்சிப்பு எல்லாவற்றுக்கும் இதே வேலையைச் செய்ய வேண்டும்.

கிறிஸ்தவ வீட்டிலேயே பிறந்தவர்கள் "எனக்குச் சாட்சியே இல்லை" என்பார்கள். இருக்கிறது. பெற்றோரின் நம்பிக்கை உங்களுடையதாக மாறிய ஒரு நேரத்தைத் தேடுங்கள். பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம், ஆனால் போய் மன்னிப்புக் கேட்டேன் என்ற அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் போதும்.

எழுதியதை ஐந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். மனதுக்குள் வாசித்தால் கணக்கில் வராது. மேடையில் ஒப்பிப்பது போல ஒலிக்கும் இடங்கள் கேட்டால்தான் தெரியும்.

படி 3: அனுமதி கேளுங்கள்

தெரிந்தவர் ஒருவரோடு, தனியாக. கூட்டத்தில் வேண்டாம், மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்றாலே ஆட்கள் வாதத்துக்கு இறங்கிவிடுவார்கள். பிசாசு நீங்கின மனிதனையும் இயேசு அவன் சொந்த வீட்டுக்குத்தான் முதலில் அனுப்பினார் (மாற்கு 5:19).

அவர் பேசுவதை முதலில் கேளுங்கள். பிறகு: "இதுல எனக்கு ஒரு அனுபவம் இருக்கு, ரெண்டு நிமிஷம் சொல்லட்டுமா?" இப்படிக் கேட்டதுமே பயம் பாதி இறங்கும், நீங்கள் எதையும் திணிக்கவில்லை. "வேண்டாம்" என்றால் நிறுத்திவிடுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர், படுக்கையில் கிடக்கும் நோயாளி போன்றவர்களால் அந்த "வேண்டாம்" சொல்ல முடியாது. அவர்களாகக் கேட்காதவரை ஆரம்பிக்காதீர்கள்.

படி 4: தெரியாத கேள்வி வந்தால்

"தெரியலை. படிச்சுப் பார்த்துட்டு சொல்றேன்." சொன்னபடி திரும்பிப் போய்ச் சொல்லவும் வேண்டும். இயேசுவால் பார்வை பெற்ற குருடனைப் பரிசேயர்கள் (யூத மதத் தலைவர்கள்) விசாரித்தபோது அவனும் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கவில்லை. குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், அது மட்டும் தெரியும் என்றான் (யோவான் 9:25). அந்த நேரத்தில் பதிலை இட்டுக்கட்டுவதுதான் ஆபத்து. பிடிபட்டால் உங்கள் சாட்சியையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள்.

படி 5: பேசி முடித்த பிறகு

அவர் மனம் மாறினாரா என்று கணக்குப் பார்க்காதீர்கள். நட்டது பவுல், நீர்ப்பாய்ச்சினது அவருக்குப் பின் அங்கே போதித்த அப்பொல்லோ, விளையச்செய்தது தேவன் (1 கொரிந்தியர் 3:6). மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் பத்து வசனம் அனுப்புவதும் வேண்டாம். அடுத்த முறை பார்க்கும்போது, அன்றைக்கு அவர் சொன்ன வேலைப் பிரச்சினை என்ன ஆனது என்று விசாரியுங்கள். விசுவாசப் பேச்சை அவராக எடுத்தால் மட்டும் தொடருங்கள்.