ஹீட்டட் கிரிப்: வலது கை மட்டும் சில்லிட்டால்

பைக் ஹேண்டில்பாரில் கைக்குச் சூடு தரும் ஹீட்டட் கிரிப்பில், இடது சூடாகி வலது சில்லென்றே இருந்தால், உடனே கண்ட்ரோலரை (சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) குறை சொல்ல வேண்டாம். பேரலல் இணைப்பில், அதாவது இரண்டுக்கும் தனித்தனியே கரண்ட் போகும்போது, ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். என் செட்டில் இடது 6.5 ஓம்; வலதில் ஆக்ஸிலரேட்டரை (த்ராட்டில்) திருகத் திருக ரீடிங் வந்து வந்து போனது. கிரிப்பை விட்டு ஒயர் வெளியேறும் இடத்தில், உறைக்குள்ளேயே கம்பி அறுந்திருந்தது.

ரப்பரை அரை அங்குலம் கீறி, சிலிக்கான் உறை போட்ட பல இழை ஒயரை சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) மாட்டி, எபாக்சியால் மூடினேன். முழு த்ராட்டிலிலும் இழுபடாதபடி ஒயரில் ஒரு வளைவு விட்டேன். முதலில் மாட்டியபோது அதை விடாததுதான் தப்பு.

புதிதாக வாங்குபவர்கள் ஹேண்டில்பார் விட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 22 மி.மீ. த்ராட்டில் குழாயின் மேடுகளை அரத்தால் ராவாவிட்டால் கிரிப் ஏறாது. ஜோடி 3.7 ஆம்பியர், அதாவது சுமார் 45 வாட் இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ், சாவியோடு அணையும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகக் கொடுங்கள். ஐடிலிங்கில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) கிரிப் ஆனில் இருக்கையில் பேட்டரி 12.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், சிக்னலில் நிற்கும்போது அணைத்துவிடுங்கள். கிரிப்பை ஒட்டிய பசை காய்ந்ததும் த்ராட்டில் தானாகத் திரும்புகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.