மழைத்தோட்டம் போடுபவர்கள் இடம் பார்ப்பதில் செய்யும் தவறுகள்

ஐப்பசி நெருங்கினால் போதும், சென்னையில் மழைத்தோட்டம் (மாடியிலும் முற்றத்திலும் விழும் மழைநீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும், செடி நட்ட ஆழமில்லாத பள்ளம்) போடப் போகிறோம் என்று படம் அனுப்பி யோசனை கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே கோளாறுகள் அந்தப் படங்களில் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. செடி, உரம் பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை, இடம் பற்றி மட்டும்.

தண்ணீர் தேங்கும் மூலையையே பிடிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. “அங்கேதான் எப்பவும் தண்ணி நிக்கும், அதான் அங்கேயே போட்டுட்டோம்” என்பார்கள். அங்கே தண்ணீர் நிற்பதே அந்த மண் குடிக்காததால்தான்! வேளச்சேரியில் ஒரு வீட்டில் அப்படிப்பட்ட மூலையில் செம்மண் கொட்டி, கல்வாழையும் வெட்டிவேரும் நட்டு அழகாகத்தான் செய்திருந்தார்கள், கார்த்திகை மழையில் ஒரு வாரமாகியும் வடியவில்லை. கடப்பாரையால் குத்திப் பார்த்தால் மேலே செம்மண், அடுத்து வீடு கட்டும்போது கொட்டிய செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும், அதற்கும் கீழே மெழுகு போலக் களிமண். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு, பத்து நாள் போதும். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வர, எல்லாவற்றையும் மூடினார்கள். மண் காசும் கூலியும் போனதுகூடப் பரவாயில்லை, அந்தத் தெருவில் இனி மழைத்தோட்டம் என்றாலே கொசுத்தோட்டம் என்றுதான் நினைப்பார்கள்.

தண்ணீரை அந்த மூலைக்கு வருமுன் வழியிலேயே, மேட்டுப் பக்கத்தில் பிடியுங்கள். மாடியிலிருந்து இறங்கும் குழாயைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினால் பாதி வேலை முடிந்தது. வெட்டுவதற்கு முன் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். அந்த இரண்டாவது நிரப்பல்தான் கணக்கு, ஏனென்றால் சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் களிமண் முதல் தடவை எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே இழுத்துக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும். மணிக்கு அரை அங்குலமாவது இறங்கினால் சரி, ஆறு அங்குலப் பள்ளம் அரை நாளில் வற்றிவிடும். இரண்டு நாளாகியும் நின்றால் அந்த இடம் வேண்டாம்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் தண்ணீர் சட்டென்று இறங்கும், ஆனால் மழைக்காலத்தில் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். பள்ளத்தின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இரண்டு அடியாவது இடைவெளி இல்லையென்றால் மணலும் குடிக்காது.

சுவரை ஒட்டி வெட்டுவது

அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளுங்கள்.

செப்டிக் டேங்க் பக்கம்

கூடாது.

மர வேரை வெட்டுவது

வளர்ந்த வேம்பின் கீழே பள்ளம் பறித்தால் மரம் பட்டுப்போகும், அடுத்த புயலில் சாயவும் செய்யும்.

மிஞ்சும் தண்ணீருக்கு வழி விடாதது

2015 டிசம்பர் மழையையோ 2023 மிக்ஜாம் புயலையோ எந்த மழைத்தோட்டமும் தாங்காது. அதனால் கரையில் ஒரு இடத்தைத் தாழ்வாக விட்டு, அங்கே கல் பதித்து, வழிவது தெருவின் மழைநீர் வடிகாலுக்குப் போகும்படி வையுங்கள். பக்கத்து வீட்டுக்குள் போகக் கூடாது. அப்புறம், அவசரத்துக்குக்கூட அதைக் கழிவுநீர்க் குழாயில் கோக்காதீர்கள், அடைமழையில் அது எதிர்த்து உங்கள் குளியலறைக்கே வரும்.