நெட் யூஸ்: நெட்வொர்க் டிரைவைக் கட்டளை வரியில் இணைப்பதும் கழற்றுவதும்

விண்டோஸில் நெட்வொர்க் டிரைவை இணைக்க எல்லாருக்கும் தெரிந்த வழி, ‘திஸ் பிசி’யைத் திறந்து ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ என்பதைச் சொடுக்குவது. வீட்டில் ஒரு கணினி, ஒரு ஃபோல்டர் என்றால் அதுவே போதும், இதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்தில் ஏழெட்டு கணினி, நடுவில் ஒரு நாஸ் பெட்டி (எல்லாரும் நெட்வொர்க் வழியே ஃபைல் வைத்தெடுக்கும் சேமிப்புப் பெட்டி), அதில் ஆளுக்கொரு அனுமதி என்று வந்துவிட்டால் மவுஸ் கைகொடுக்காது. இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால் எக்ஸ்ப்ளோரர் காரணத்தைச் சொல்லாமல் மழுப்பும். கட்டளை வரி ஒரு பிழை எண்ணைக் கொடுக்கும். எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்படி ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கணக்குத் தாக்கல் நெருக்கடியில் எல்லார் டிரைவும் ஒவ்வொரு விதமாக முரண்டு பிடித்தபோது எல்லாவற்றையும் நெட் யூஸ் என்ற கட்டளையை வைத்துத்தான் சரிசெய்தேன். நாஸ் என்றால் என்ன, பகிர்ந்த ஃபோல்டரை அதில் உருவாக்குவது எப்படி என்பதற்குள் போகவில்லை. அது அந்தந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது.

இங்கே கட்டளைகளை வாசிக்கும் ஒலியில் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் ‘நெட் யூஸ் /?’ என்று தட்டி எண்டரை அழுத்தினால் எல்லா சுவிட்சும் (கட்டளையோடு ‘/’ போட்டுச் சேர்க்கும் சொற்கள்) சரியான எழுத்தில் வந்து நிற்கும். உதாரணத்தில் நாஸின் முகவரி 192.168.1.20, ஃபோல்டரின் பெயர் கணக்கு, பயனர் பெயர் ஆபீஸ்.

முதல் படி: இருப்பதைப் பாருங்கள்

விண்டோஸ் விசையை அழுத்தி சிஎம்டி என்று தட்டி எண்டர். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அது தனிக் கதை. கறுப்புத் திரை வந்ததும்:

நெட் யூஸ்

அவ்வளவுதான், வேறெதுவும் சேர்க்காதீர்கள். நான்கு பத்தியில் ஒரு பட்டியல் வரும்: நிலை, உள்ளூர் எழுத்து, தொலைவில் இருக்கும் முகவரி, நெட்வொர்க் வகை. நிலை ‘ஓகே’ என்றால் இணைப்பு உயிரோடு இருக்கிறது. ‘டிஸ்கனெக்டட்’ என்றால் பயப்பட வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் யாரும் தொடாததால் தூங்கியிருக்கும், டிரைவைத் திறந்தால் எழுந்துவிடும். ‘அனவைலபிள்’ என்றால்தான் கவனிக்க வேண்டும்.

உள்ளூர் எழுத்து என்ற பத்தி காலியாக இருக்கும் வரிகளையும் விட்டுவிடாதீர்கள். டிரைவ் எழுத்தே இல்லாமலும் ஓர் இணைப்பு இருக்க முடியும். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் யாராவது நாஸின் முகவரியைத் தட்டிப் பார்த்திருந்தால் அது இங்கே இப்படி உட்கார்ந்திருக்கலாம்.

இரண்டாம் படி: இணைப்பது

நெட் யூஸ் இசட்: \\192.168.1.20\கணக்கு * /யூசர்:ஆபீஸ்

நடுவில் இருக்கும் நட்சத்திரம், ‘கடவுச்சொல்லை என்னிடம் கேள்’ என்று அர்த்தம். எண்டரை அழுத்தியதும் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, புள்ளிகூட வராது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்து விடாமல் தட்டி முடித்து எண்டர் அழுத்துங்கள். நட்சத்திரத்துக்குப் பதிலாகக் கடவுச்சொல்லையே எழுதலாம். ஆனால் அது திரையில் அப்படியே நிற்கும், பின்னால் நிற்பவர் படிப்பார். போதாததற்கு, கடவுச்சொல்லில் ‘&’ மாதிரி குறி இருந்தால் கட்டளையே இரண்டாக உடையும். நட்சத்திரமே நல்லது.

சாய்வுக்கோடு இடதுபுறம் சாய்ந்தது, முன்னால் இரண்டு. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முழு முகவரியையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். முகவரியின் கடைசியில் இன்னொரு சாய்வுக்கோடு போடாதீர்கள். எக்ஸ்ப்ளோரர் அதைக் கண்டுகொள்ளாது, நெட் யூஸ் மட்டும் 67 என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மூன்றாம் படி: 1219

நான் அதிகம் மல்லுக்கட்டிய இடம் இதுதான், அதனால் நிதானமாகப் போகலாம்.

பயனர் பெயர் சரி, கடவுச்சொல் சரி, நாஸும் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் ‘சிஸ்டம் எரர் 1219’ என்று வரும். கீழே ஒரு நீளமான வாக்கியம்: ஒரே சர்வருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் பெயரில் இணைய அனுமதி இல்லை என்பது அதன் சாரம். ‘நான் ஒரு பெயரில்தானே கேட்கிறேன்’ என்று தோன்றும்.

விஷயம் இதுதான். விண்டோஸ் ஒரு சர்வருக்கு, ஒரு லாகின் அமர்வில், ஓர் அடையாளத்தைத்தான் வைத்துக்கொள்ளும். காலையில் யாரோ எக்ஸ்ப்ளோரரில் அதே நாஸின் இன்னொரு ஃபோல்டரை வேறு பயனர் பெயரில் திறந்திருப்பார். சன்னலை மூடியிருப்பார். இணைப்பு மூடியிருக்காது. இப்போது நீங்கள் ஆபீஸ் என்ற பெயரில் போனால், ‘இந்தக் கணினி ஏற்கெனவே வேறு ஆளாக உள்ளே இருக்கிறதே’ என்று விண்டோஸே தடுத்துவிடும். கேட்கும் ஃபோல்டர் வேறாக இருந்தாலும் பொருட்டில்லை, சர்வர் ஒன்றுதான். தடுப்பது நாஸ் இல்லை என்பதால் நாஸின் அமைப்பை எவ்வளவு கிளறினாலும் ஒன்றும் மாறாது.

ஆகவே திரும்பவும் வெறும் நெட் யூஸ். 192.168.1.20 என்று தொடங்கும் எல்லா வரியையும் பாருங்கள். ஐபிசி$ என்று முடியும் ஒரு வரியும் இருக்கலாம். அது ஃபோல்டர் இல்லை, சர்வரோடு பேச விண்டோஸ் திறந்து வைத்திருக்கும் குழாய். அதுவும் கணக்கில் வரும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்:

நெட் யூஸ் \\192.168.1.20\ஐபிசி$ /டெலிட்

பொறுமை இல்லையென்றால் ‘நெட் யூஸ் * /டெலிட்’ என்று ஒரே அடியாக எல்லாவற்றையும் கழற்றலாம். ஆனால் அதற்கு முன் டேலியோ எக்செலோ அந்த டிரைவிலிருந்து திறந்திருந்தால் மூடிவிடுங்கள். ஃபைல் திறந்திருப்பதாக எச்சரித்து ‘தொடரட்டுமா’ என்று கேட்கும்போது அவசரத்தில் ‘ஒய்’ அழுத்தி, தட்டிய கணக்கைப் பறிகொடுப்பது நல்லதல்ல.

பட்டியல் காலி, ஆனாலும் 1219 வருகிறதா? அப்போது கணினியில் சேமித்து வைத்த பழைய அடையாளத்தைத் தேடுங்கள். ‘சிஎம்டிகீ /லிஸ்ட்’ என்று தட்டினால் வரும். அதில் நாஸின் முகவரி இருந்தால் ‘சிஎம்டிகீ /டெலிட்:192.168.1.20’. அதன் பிறகும் அடம்பிடித்தால் விண்டோஸை லாக்-ஆஃப் செய்து மறுபடி நுழையுங்கள். அமர்வு முடிந்தால் ஒட்டிக்கொண்டிருந்த அடையாளமும் போய்விடும்.

ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. ஐபி முகவரியில் ஓர் இணைப்பு, நாஸின் பெயரில் இன்னோர் இணைப்பு என்று போட்டால் விண்டோஸ் அவற்றை இரண்டு சர்வர் என்று நம்பிவிடும், இரண்டு பயனராக இணையலாம். அவசரத்துக்குச் சரி. நிரந்தரமாக வைத்தால் ஆறு மாதம் கழித்து எந்த டிரைவ் யார் பெயரில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. என் கருத்து, அனுமதியை நாஸில் ஒழுங்கு செய்து ஒரு கணினிக்கு ஒரு பயனர் என்று முடித்துவிடுவதுதான்.

நான்காம் படி: நிலைக்க வைப்பது

பட்டியலுக்கு மேலே ‘நியூ கனெக்ஷன்ஸ் வில் பி ரிமெம்பர்டு’ என்று ஒரு வரி வரும், அல்லது ‘வில் நாட்’ என்று வரும். அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது இணைப்பு தானாக வருமா என்பதை அது சொல்கிறது. இதில் ஒரு வில்லங்கம்: கடைசியாக நீங்கள் என்ன சொன்னீர்களோ அதையே விண்டோஸ் வழக்கமாக்கிக்கொள்ளும். ஒருநாள் சோதனைக்கு ‘நோ’ போட்டிருந்தால் அடுத்து போடுவதும் நிலைக்காது. எனவே ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகவே எழுதுங்கள்:

நெட் யூஸ் இசட்: \\192.168.1.20\கணக்கு /பெர்சிஸ்டென்ட்:யெஸ்

இதில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இல்லையே என்று பார்க்கிறீர்களா? அவற்றை முன்கூட்டியே தனியாகச் சேமித்துவிடுவது என் வழக்கம்:

சிஎம்டிகீ /ஆட்:192.168.1.20 /யூசர்:ஆபீஸ் /பாஸ்

/பாஸ் என்பதோடு நிறுத்தினால் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நெட் யூஸிலேயே ‘சேவ்க்ரெட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, ஆனால் அதை ‘யூசர்’ சுவிட்சோடு சேர்த்துப் போட முடியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. சிஎம்டிகீயில் எது சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கவும் முடியும், அழிக்கவும் முடியும். ஒன்று மட்டும் கவனியுங்கள். ஐபி முகவரிக்குச் சேமித்தால் இணைப்பதும் ஐபி முகவரியில்தான். பெயரில் இணைத்தால் சேமித்ததை எடுத்துக்கொள்ளாது. ஐபி முகவரியையே நம்புவதென்றால் ரூட்டரில் அந்த நாஸுக்கு முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் பேட்ச் ஃபைலில் கடவுச்சொல்லைப் பச்சையாக எழுதி டெஸ்க்டாப்பில் போட்டுவைக்கும் பழக்கம் நம் ஊர் அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. வேண்டாம்.

கழற்றுவது எளிது: ‘நெட் யூஸ் இசட்: /டெலிட்’. இல்லாத இணைப்பைக் கழற்றச் சொன்னால் 2250 வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

அட்மின் சன்னல் ஏன் வேண்டாம்

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த சன்னலில் நெட் யூஸ் போட்டால் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்றுதான் வரும். எக்ஸ்ப்ளோரரில் போய்ப் பார்த்தால் இசட் டிரைவ் இருக்காது. விண்டோஸ் ஒரே ஆளுக்கு இரண்டு அடையாளச் சீட்டு வைத்திருக்கிறது, சாதாரணமாக ஒன்று, அட்மினாக ஒன்று. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி, மாடியில் போட்ட கட்டில் கீழ்வீட்டில் இருக்காது. அதனால் டிரைவ்களை எப்போதும் சாதாரண சன்னலில் இணையுங்கள். இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்றால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘எனேபிள்லிங்க்டுகனெக்ஷன்ஸ்’ என்ற மதிப்பை 1 என்று வைக்க ஒரு வழி உண்டு. தேவைப்படாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

மற்ற எண்கள், சுருக்கமாக

53 என்றால் அந்த முகவரியில் யாருமே பதில் சொல்லவில்லை. நாஸ் அணைந்திருக்கலாம், ஃபயர்வால் தடுக்கலாம். விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சன்னலான பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன் 192.168.1.20 -போர்ட் 445’ என்று கேட்டுப் பாருங்கள். பிங் (அந்த முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபைல் பகிர்வு நடப்பது 445 என்ற வாசலில், பிங் அதைத் தொடுவதே இல்லை. 67 என்றால் சர்வர் இருக்கிறது, ஃபோல்டர் பெயர்தான் தவறு. 5 என்றால் உள்ளே விட்டுவிட்டது, அந்த ஃபோல்டரில் உங்களுக்கு அனுமதி இல்லை. 85 என்றால் அந்த எழுத்து ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. 86, 1326 இரண்டும் பயனர் பெயர், கடவுச்சொல் சங்கதி.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட சிலவற்றை இங்கே சேர்க்கிறேன்.

நாஸ் இல்லாமல் இன்னொரு விண்டோஸ் கணினியின் ஃபோல்டரை இணைக்கும்போது 1326 விடாமல் வருகிறது என்றார் ஒருவர். விசாரித்தால், கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தால் மட்டுமே செல்லும், நெட்வொர்க் வழியே செல்லாது. அந்தக் கணினி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இயங்கினால் பயனர் பெயராக ‘மைக்ரோசாஃப்ட்அக்கவுண்ட்\’ என்று போட்டு அதையடுத்து மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல்லாக அந்தக் கணக்கின் கடவுச்சொல். இதைவிட, அந்தக் கணினியில் பகிர்வுக்கென்றே ஓர் உள்ளூர்ப் பயனரை உருவாக்கிவிடுவது நிம்மதி.

விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு பழைய நாஸ் வரவில்லை என்று பலர். ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் அந்த அப்டேட்டிலிருந்து எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிரும் நெறிமுறை) கையொப்பம் கட்டாயம். கடவுச்சொல்லே இல்லாத ‘கெஸ்ட்’ நுழைவில் கையொப்பமிட முடியாது, அதனால் அது விழுந்துவிடும். விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் வழிகள் நிறையக் கிடைக்கும். நாஸில் கடவுச்சொல்லோடு ஒரு பயனரை உருவாக்குவது அதைவிடக் குறைந்த வேலை.

ரூட்டரில் யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகிப் பகிர்கிறவர்களுக்கு வேறு சிக்கல். பழைய ரூட்டர்கள் பலவற்றுக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி 1 வழக்கமாக வருவதில்லை. அதைத் திரும்ப இயக்காதீர்கள், டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் செருகுங்கள்.

காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் ‘எல்லா டிரைவையும் இணைக்க முடியவில்லை’ என்று வருவது பெரும்பாலும் வைஃபை தாமதம். நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டீர்கள், வைஃபை இன்னும் வந்து சேரவில்லை. டிரைவை ஒருமுறை இரட்டைச் சொடுக்கினால் வந்துவிடும்.

இரவு பேக்கப்புக்கு டாஸ்க் ஷெட்யூலரில் போட்ட ஸ்கிரிப்ட் இசட் டிரைவைக் காணவில்லை என்கிறதா? ‘லாகின் செய்யாவிட்டாலும் ஓடு’ என்று வைத்த வேலை தனி அமர்வில் ஓடும், உங்கள் டிரைவ் எழுத்துகள் அங்கே இருக்காது. ஸ்கிரிப்டில் இசட் என்று எழுதுவதை விட்டுவிட்டு \\192.168.1.20\கணக்கு என்று முழு முகவரியையே கொடுங்கள். அந்த வேலை எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அதே பெயரில் உள்ளே போய் சிஎம்டிகீயில் நாஸின் கடவுச்சொல்லைச் சேமித்திருக்க வேண்டும்.