பேஸ் வேரியன்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறீங்களா? எதை வெட்டியிருக்காங்கன்னு முதல்ல பாருங்க

ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்த உடனே எல்லாரும் பண்ற முதல் வேலை என்னன்னா, ரெண்டு மூணு கம்பெனியோட ஸ்பெக் ஷீட்ட பக்கத்துல பக்கத்துல வச்சு எதுல ஹார்ஸ்பவர் ஜாஸ்தின்னு பாக்கறது, அப்புறம் விலையை அதால வகுத்து இதுதான் வேல்யூன்னு முடிவு கட்டிடறது. நானும் ஒரு தடவை அப்படித்தான் வாங்கினேன். நேர் ரோட்டுல நல்லா பறக்கும், ஆனா வளைவுல கொஞ்சம் அழுத்தினா உள்பக்க டயர் சும்மா சுத்தும், வண்டி முன்னாடி போகாது. ஏன்னு புரியறதுக்கே ஆறு மாசம் ஆச்சு.

விஷயம் சிம்பிள்தான். பேஸ் வேரியன்ட்னா விலையை இறக்கறதுக்காக கம்பெனி எங்கயோ ஒரு இடத்துல கத்தி வச்ச வண்டி. எல்லாரும் ஒரே இடத்துல வைக்கறதில்ல, ஒருத்தன் சீட்டுலயும் ஸ்பீக்கர்லயும் வைப்பான், இன்னொருத்தன் டிஃப்ரன்ஷியல்ல (இன்ஜின் பவரை ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சு குடுக்கற பாகம், சுருக்கமா டிஃப்), வேற ஒருத்தன் இன்ஜின்லயே வச்சிடுவான். அதனால பேஸையும் பேஸையும் அப்படியே கம்பேர் பண்றதுல அர்த்தமே இல்ல, கத்தி எங்க விழுந்துச்சுன்னு தேடணும்.

உதாரணத்துக்கு அமெரிக்க மார்க்கெட் வண்டிங்களையே எடுத்துக்கறேன், ஏன்னா வேரியன்ட் வித்தியாசம் அங்கதான் தெளிவா தெரியும், மத்த நாட்டுல பேரும் பொருளும் மாறும், உங்க ஊர் ப்ரோஷரை தனியா பாத்துக்கங்க. டொயோட்டா ஜிஆர்86 பேஸ்ல 2.4 லிட்டர் இன்ஜின், 228 ஹெச்பி, மேனுவல் கியர், டார்சன்ங்கற வகை லிமிடெட் ஸ்லிப் டிஃப் எல்லாமே உண்டு. இந்த டிஃப் இருந்தா ஒரு சக்கரம் சும்மா சுத்தறத அடக்கி இன்னொரு சக்கரத்துக்கும் பவர் அனுப்பும், என் வண்டில இல்லாதது இதுதான். மேல இருக்கற ப்ரீமியம் வேரியன்ட்ல 17 இன்ச் வீலுக்கு பதிலா 18, நல்ல டயர், பின்னாடி ஸ்பாய்லர், நல்ல சீட்டு, நல்ல ஆடியோ. அதாவது இங்க வெட்டினதெல்லாம் பெரும்பாலும் மேல்பூச்சு. இந்த மாதிரி வண்டில பேஸ்தான் புத்திசாலித்தனம், யோசிக்கவே வேணாம்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டால கதை வேற. ஸ்போர்ட்ங்கற பேஸ்ல 181 ஹெச்பி இன்ஜின் அதேதான், ஆனா லிமிடெட் ஸ்லிப் டிஃப் கிடையாது. மேல இருக்கற க்ளப் வேரியன்ட்ட மேனுவல் கியரோட எடுத்தா அது வரும், கூடவே பில்ஸ்டீன் கம்பெனியோட டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) வரும். சும்மா சாயங்காலம் டாப்பை திறந்துட்டு ஓட்டறதுக்கு ஸ்போர்ட் போதும், உண்மைய சொன்னா அந்த 16 இன்ச் வீல்ல ஓட்டறதுக்கு இன்னும் சாஃப்டா இருக்கும். ட்ராக் பக்கம் போவேன்னா க்ளப்தான்.

நிஸ்ஸான் இசட்தான் ஆளை ஏமாத்தற கேஸ். பேஸ் ஸ்போர்ட்லயும் மேல இருக்கற பெர்ஃபாமன்ஸ்லயும் அதே 3 லிட்டர் ட்வின் டர்போ வி6, அதே 400 ஹெச்பி, பேப்பர்ல பாத்தா பேஸ் மாதிரி லாபமே கிடையாதுன்னு தோணும். ஆனா லிமிடெட் ஸ்லிப் டிஃப்பும் பெரிய பிரேக்கும் பெர்ஃபாமன்ஸ்லதான். 400 ஹெச்பிய ஓப்பன் டிஃப் (லிமிடெட் ஸ்லிப் இல்லாத சாதாரண டிஃப்) வழியா ரெண்டு பின் சக்கரத்துக்கு அனுப்பினா என்ன ஆகும்னு மேல சொன்ன என் கதைதான். டொயோட்டா சூப்ரால இன்னும் ஆழமா வெட்டினாங்க, 2024 வரைக்கும் வந்த 2.0 மாடல்ல இன்ஜினே 255 ஹெச்பி நாலு சிலிண்டர், 3.0ல 382 ஹெச்பி ஆறு சிலிண்டர், தானா இறுக்கம் மாத்திக்கற அடாப்டிவ் டேம்பரும், எலக்ட்ரானிக்கா கன்ட்ரோல் ஆகற ஆக்டிவ் டிஃப்பும் 2.0ல இல்ல. ஃபோர்டு மஸ்டாங் பேஸ் 2.3 டர்போல 315 ஹெச்பி தராங்க, ஆனா 2024 மாடல்ல இருந்து அந்த இன்ஜினோட மேனுவல் கியரே கிடையாது, 10 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கிளட்ச் மிதிச்சு ஓட்டணும்னா ஜிடி வி8 பக்கம் போகணும், விலை வேற லெவலுக்கு தாவிடும்.

இப்ப வேலை என்னன்னா, ஒரு பேப்பர் எடுத்து ஒவ்வொரு வண்டிக்கும் பேஸ்ல இல்லாததையெல்லாம் எழுதுங்க, பக்கத்துல இதை பின்னாடி போட்டுக்க முடியுமான்னு எழுதுங்க. டயர், பிரேக் பேடு, ஸ்பீக்கர் எல்லாம் எப்ப வேணா மாத்தலாம், டயர் எப்படியும் தேஞ்சுதான் போகப் போகுது. டிஃப் மாத்தறது முடியும், ஆனா பார்ட்ஸ், லேபர், சில சமயம் வாரண்டி தலைவலி எல்லாம் சேந்தா மேல் வேரியன்டுக்கும் இதுக்கும் இருந்த வித்தியாசமே கரைஞ்சிடும். இன்ஜினும் கியர்பாக்ஸும் மாத்தறத பத்தி பேசவே வேணாம். பேஸ் விலையோட போட்டே ஆகணும்ங்கற பொருளோட விலையை கூட்டுங்க, அந்த கூட்டுத்தொகைதான் உண்மையான விலை, அதை வச்சு மத்த கம்பெனி வண்டியோட ஒப்பிடுங்க.

ஹார்ஸ்பவர் கணக்குக்கு வருவோம், அதை மொத்தமா தூக்கிப் போட சொல்லல, எடையால வகுத்து பாருங்கன்னு சொல்றேன். மஸ்டாங் டர்போ 315 ஹெச்பி, எடை சுமார் 1,630 கிலோ, ஒரு டன்னுக்கு 193 வருது. ஜிஆர்86 சுமார் 1,275 கிலோ, ஒரு டன்னுக்கு 179. மியாட்டா சுமார் 1,060 கிலோ, 170 கிட்ட. பாத்தீங்களா, ஜிஆர்86ஐ விட மஸ்டாங்ல 87 ஹெச்பி ஜாஸ்தி இருந்தும் டன் கணக்குல வித்தியாசம் வெறும் 14தான். எடை கம்மின்னா பிரேக், டயர், பெட்ரோல் எல்லாத்துலயும் மிச்சம். ஆனா ஒண்ணு, டர்போ வண்டி கீழ் ஆர்பிஎம்லயே டார்க் (இழுவை சக்தி) தரும், டவுன் ட்ராஃபிக்ல கியர் மாத்தாமயே இழுக்கும், அந்த சுகம் இந்த வகுத்தல் கணக்குல தெரியாது.

அடுத்து 0-60 டைம், அதாவது நின்ன வண்டி மணிக்கு 60 மைல் வேகத்த எட்டற நேரம். இதுல ஒரு குசும்பு இருக்கு. அமெரிக்க பத்திரிகைங்க நிறைய ரோல்அவுட்னு முதல் ஒரு அடி தூரத்த கணக்குல சேக்கறதில்ல, அதுலயே சுமார் 0.3 நொடி குறையும். அதோட 60 மைல்ங்கறது 96.6 கிலோமீட்டர்தான், 100 இல்ல. அதனால ஒரு வண்டிக்கு ஒரு இடத்து நம்பரையும் இன்னொரு வண்டிக்கு கம்பெனி சொன்ன நம்பரையும் எடுத்து சண்டை போடாதீங்க, ரெண்டையும் ஒரே ஆள் டெஸ்ட் பண்ணியிருக்கணும். அதுவும் எந்த வேரியன்ட்ட டெஸ்ட் பண்ணாங்கன்னு பாருங்க, ரிவ்யூக்கு கம்பெனி குடுக்கறது பெரும்பாலும் எல்லா ஆப்ஷனும் போட்ட டாப் எண்ட் வண்டி, அந்த பிரேக்கிங் தூரமும் கார்னரிங் கிரிப்பும் உங்க பேஸ் வண்டிக்கு வராது. குவார்ட்டர் மைல் (நின்ன இடத்துல இருந்து சுமார் 400 மீட்டர் ஓட்டம்) ரிசல்ட் இருந்தா நொடிய விட கடைசில என்ன வேகத்துல கடந்துச்சுன்னு பாருங்க, பவருக்கும் எடைக்கும் உள்ள உறவு அதுலதான் நல்லா தெரியும், நொடிக் கணக்குல ஸ்டார்ட்டிங் கிரிப்பும் கலந்துடும்.

டயர் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பேஸ் வண்டிய பழிக்கறவங்க முதல்ல சொல்றது இதைத்தான். ஜிஆர்86 பேஸ்ல வர்ற மிச்சலின் ப்ரைமசி சாதாரண டயர், ப்ரீமியம்ல வர்றது பைலட் ஸ்போர்ட் 4, ஆனா அகலம் ரெண்டும் 215 மில்லிமீட்டர்தான். கிரிப் கம்மின்னா லேப் டைம் கெடும், சரிதான், ஆனா கம்மி வேகத்துலயே வண்டி வழுக்கி வழுக்கி விளையாடும், கத்துக்கறவங்களுக்கு அதுதான் நல்லது. சின்ன வீலுக்கு டயர் விலையும் பொதுவா கம்மி, சைட்வால் (டயரோட பக்கச் சுவர்) உயரமா இருக்கறதால குழியில வீல் அடிபடறதும் கம்மி.

டெஸ்ட் டிரைவ் போனா சும்மா ஒரு ரவுண்டு சுத்திட்டு வராதீங்க. மூணாவது கியர்ல 2,000 ஆர்பிஎம்ல இருந்து அழுத்தி எப்ப பவர் வருதுன்னு கவனிங்க. ரோடு காலியா இருந்தா ரெண்டு மூணு தடவை கொஞ்சம் பலமா பிரேக் பிடிச்சு பெடல் ஃபீல் மாறுதான்னு பாருங்க. பேஸ் சீட்ல அரை மணி நேரம் உக்காந்தா முதுகு என்ன சொல்லுதுங்கறதும் முக்கியம், சீட் மாத்தறது ஏர்பேக் வயரிங்கோட வம்பு. கிளம்பறதுக்கு முன்னாடி அதே வேரியன்டுக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு, ப்ரீமியம் பெட்ரோல் கட்டாயமான்னு ரெண்டையும் கேட்டு அந்த பேப்பர்லயே எழுதிக்கங்க, ஹார்ஸ்பவர்ல ஜெயிச்ச வண்டி இங்க தோக்கறது உண்டு.

ஒரு பிரச்சனை கண்டிப்பா வரும், ஷோரூம்ல பேஸ் வண்டி நிக்காது. டாப் எண்ட்ட ஓட்ட குடுத்துட்டு "எல்லாம் ஒண்ணுதான் சார்"ம்பாங்க. ஒண்ணு இல்ல. நீங்க வாங்கப் போற அதே வேரியன்ட், அதே கியர்பாக்ஸ், அதே வீல் சைஸ் ஓட்டாம அட்வான்ஸ் குடுக்காதீங்க, அவங்க வரவழைக்க ரெண்டு வாரம் ஆகும்னு சொன்னா ரெண்டு வாரம் கழிச்சு போங்க.