பிள்ளையிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்

பள்ளியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கிறார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அழுகிற பிள்ளையை மட்டும் தேடினால் பலரைத் தவறவிடுவோம். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு எரிச்சலாகவும் சண்டையாகவும் வெளிவருவது சாதாரணம். ‘திமிர் பிடித்தவன்’ என்று பெயர் வாங்கியவனை நான் முதலில் கூப்பிட்டுப் பேசுவது அதனால்தான்.

கவனிக்க வேண்டியது குணத்தை அல்ல, மாற்றத்தை. பயிற்சிக்கு முதல் ஆளாக வந்தவன் தன் மட்டையை நண்பனிடம் “நீயே வைத்துக்கொள்” என்று கொடுத்துவிடுகிறான். நன்றாகப் படித்தவள் இரவெல்லாம் விழித்திருந்து முதல் வகுப்பிலேயே மேசையில் கவிழ்ந்துவிடுகிறாள். கட்டுரை நோட்டில் ‘நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி’ என்று ஒரு வரி. அதை நாடகம் என்று ஒதுக்காதீர்கள். பல நாள் இடிந்துபோய் இருந்த பிள்ளை காரணமில்லாமல் திடீரென்று அமைதியாகிவிட்டாலும் நான் நிம்மதி அடைவதில்லை.

ஒரே ஓர் அறிகுறியை வைத்துப் பதற வேண்டாம். பல அறிகுறிகள் சேர்ந்து, அவற்றுக்குப் பின்னால் ஓர் அடியும் இருந்தால் காத்திருக்காதீர்கள். தேர்வில் தோல்வி, காதல் முறிவு, எல்லோர் முன்னும் பட்ட அவமானம், தொடர்ந்த கேலி, வீட்டில் வன்முறை, நண்பனின் தற்கொலை எல்லாம் அந்த அடியில் அடங்கும். முன்பு ஒருமுறை முயன்ற பிள்ளைக்கு அபாயம் மிக அதிகம். மனநலச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் அப்படித்தான்.

அடுத்தது கேட்பது. பெரியவர்கள் தயங்கும் இடம் இதுதான். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கேட்டதால் எண்ணமும் கூடவில்லை, மன உளைச்சலும் கூடவில்லை.

தனியாக, அவசரமில்லாத நேரத்தில், எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். “அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லையே?” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ‘இல்லை’ என்ற பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறது. நான் கேட்கும் விதம் இது: “மதிப்பெண் வந்ததிலிருந்து நீ யாருடனும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. இவ்வளவு வேதனை இருந்தால் சிலருக்குச் செத்துவிடலாம் என்று தோன்றும். உனக்குத் தோன்றுகிறதா?” ஒரு மாணவன் நகத்தைச் சுரண்டிக்கொண்டே, “தினமும் இல்லை, மிஸ்” என்றான். அதற்கு ‘ஆம்’ என்று அர்த்தம். எப்போது தோன்றுகிறது, எப்படி என்று யோசித்திருக்கிறாயா, முன்பு முயன்றது உண்டா, இந்த நிமிடம் தோன்றுகிறதா என்று தொடர்ந்து கேட்டேன். மருத்துவமனைகளில் பயன்படும் ‘ஏஎஸ்க்யூ’ என்ற கேள்விப் பட்டியலும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் உருவாக்கியது; நான்கே கேள்விகள், ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் ஐந்தாவது.

‘ஆம்’ என்று வந்த பிறகு அறிவுரையை நிறுத்திவையுங்கள். “அம்மாவை நினைத்துப் பார்த்தாயா?” என்பது ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவன் தலையில் இன்னொரு பாரம். ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்காதீர்கள். “உன் உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் நான் மறைக்க மாட்டேன். யாரிடம், எப்படிச் சொல்வது என்று சேர்ந்து முடிவு செய்வோம்” என்று சொல்லலாம். வீட்டிலேயே பிள்ளைக்கு அடி விழுகிறது என்றால், அடிப்பவரிடம் அல்ல, பிள்ளை நம்பும் வேறொரு பெரியவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போதே எண்ணம் இருக்கிறது, அல்லது திட்டம் இருக்கிறது என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அவ்வளவு அவசரம் இல்லையென்றாலும் ஓரிரு நாளில் மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். வீட்டில் மருந்துகளையும் தீங்கு செய்யக்கூடிய மற்றப் பொருட்களையும் பூட்டி, சாவியைப் பெரியவர் வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் இதை மிகை என்பார்கள், நான் விட்டுக்கொடுப்பதில்லை. உச்சகட்ட நெருக்கடி பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிக்கிறது, அந்த நேரத்தில் கைக்கு எட்டாத தூரமே உயிரைக் காப்பாற்றும்.

பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எண்ணம் வரும்போது முதலில் எந்த அறிகுறி தெரியும், எதைச் செய்தால் சற்றுத் தணியும், யாரைக் கூப்பிடலாம், நெருக்கடி உதவி எண் எது. அவன் கையெழுத்திலேயே இருக்கட்டும். மறுநாள் நீங்களே போய்ப் பாருங்கள். “இப்போது பரவாயில்லை” என்றாலும் அதே கேள்வியை, அதே சொற்களில் மீண்டும் கேளுங்கள்.